பிளேடு சேசிஸில் விலேன் 30: சில விஎம்முக்கு மட்டும் நெட் வரலை, ஏன்?

கஞ்சிக்கோட்டுக்காரன் | திங்கள், மாலை 5.40

வணக்கமுங்க. கஞ்சிக்கோட்டுல ஒரு பேக்டரியில ஐ.டி. பார்க்கறேன். ஆளு நான் ஒருத்தன்தான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நான், சர்வர் விழுந்தாலும் நான்.

எங்ககிட்ட இருக்கறது பழைய எச்பி சி7000 சேசிஸ், அதாவது பிளேடுங்கற பலகை மாதிரி சர்வர்களைச் செருகற பெட்டி. 16 அரை-உயர பிளேடு போடலாம், நாங்க போட்டிருக்கறது 10. எல்லாத்துலயும் இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வருக்குள்ள விஎம்-ங்கற பல மெய்நிகர் கணினியை ஓட்டற மென்பொருள்). பின்னாடி ஸ்விட்ச் செருகற இடம் பே 1, பே 2 ரெண்டுலயும் சிஸ்கோ 3020 பிளேடு ஸ்விட்ச். ஒவ்வொண்ணுல இருந்தும் ரெண்டு கேபிள் சேர்த்து ஒரே இணைப்பு மாதிரி, ஒரு போர்ட் சேனலா, கோர்ங்கற மைய ஸ்விட்சுக்குப் போகுது.

இதுவரைக்கும் விலேன் (ஒரே ஸ்விட்சுல நெட்வொர்க்கைத் தனித்தனியாப் பிரிக்கறது) 10 ஆபீசுக்கு, 20 சர்வருக்கு. இப்ப சிஎன்சி மெஷின்களைத் தனியாப் பிரிக்கணும்னு சொல்லி விலேன் 30 உருவாக்கினேன். கோர்ல போட்டேன், இஎஸ்எக்ஸ்ஐல போர்ட் குரூப்பும் போட்டேன். சோதனைக்கு நாலு விஎம். ரெண்டுக்கு பிங் போகுது, ரெண்டுக்குப் போகலை. போகாத ஒண்ணை பிளேடு 3-ல இருந்து 5-க்கு மாத்தினா வேலை செய்யுது. திரும்ப 3-க்குக் கொண்டு வந்தா சில நேரம் வருது, சில நேரம் வரலை. 10-லயும் 20-லயும் ஒரு பிரச்னையும் இல்லை.

மூணு நாளா மண்டை காயுது. யாராச்சும் வழி சொல்லுங்க.

பைனரி பைரவன் | திங்கள், மாலை 5.58

ஃபயர்வால் ஆஃப் பண்ணிப் பாருங்க.

கஞ்சிக்கோட்டுக்காரன் | திங்கள், மாலை 6.05

பண்ணிட்டேங்க. அதேதான். ஒரே டெம்ப்ளேட்ல இருந்து எடுத்த விஎம்தான் நாலும்.

குழித்துறை மக்கா | திங்கள், இரவு 9.15

எடே தம்பி, "சில நேரம் வருது, சில நேரம் வரலை"ன்னு சொன்னியே, அதுலதான் விடையே கிடக்கு. பிளேடைப் பார்க்காதே, விஎம் எந்த என்ஐசி (நெட்வொர்க் கார்டு) வழியா வெளிய போகுதுன்னு பாரு.

ஹோஸ்டுக்கு எஸ்எஸ்எச்ல போய் இஎஸ்எக்ஸ்டாப் ஓட்டு. "n" எழுத்தை அழுத்து. டீம்-பிநிக்-னு ஒரு பத்தி வரும். ஒவ்வொரு விஎம்முக்கும் நேரா விஎம்நிக்0 இல்லேன்னா விஎம்நிக்1-னு எழுதியிருக்கும். பிங் போற ரெண்டும் எதுல நிக்குது, போகாத ரெண்டும் எதுல நிக்குதுன்னு குறிச்சிட்டு வா.

டீமிங்கை (விஎம்களை என்ஐசிகளுக்குப் பங்கு போடுற அமைப்பை) நீ மாத்தலேன்னா வெர்ச்சுவல் போர்ட் எண்ணை வெச்சுத்தான் அது விஎம்மை ஏதாவது ஒரு என்ஐசியில கட்டிப்போடும். விஎம் ஹோஸ்ட் மாறினா புது போர்ட் எண், அதனால வேற என்ஐசிக்குப் போக வாய்ப்பு உண்டு. உனக்குக் கண்ணாமூச்சி காட்டுறது அதுதான்.

கஞ்சிக்கோட்டுக்காரன் | செவ்வாய், காலை 10.22

அண்ணா, பார்த்துட்டேன்! போற ரெண்டும் விஎம்நிக்0. போகாத ரெண்டும் விஎம்நிக்1. பிளேடு 5, 7, 8 எல்லாத்துலயும் இதே கதைதான்.

வேலந்தாவளம் அக்கா | செவ்வாய், காலை 11.40

அப்ப குத்தம் பே 2-ல இருக்கு தம்பி. சி7000-ல அரை-உயர பிளேடோட முதல் என்ஐசி பே 1-க்கும் ரெண்டாவது பே 2-க்கும்தான் போகும். மூணாவது பிளேடுன்னா ரெண்டு ஸ்விட்சுலயும் கிகாபிட் 0/3.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், நீங்க தினமும் வாளையார் தாண்டற ஆளுதானே. பிளேடுல இருந்து வெளிய போக ரெண்டு ரோடு. பே 1 வாளையார் ரோடு. பே 2 எங்க வேலந்தாவளம் ரோடு. டேக்குங்கறது, அதாவது பாக்கெட் எந்த விலேன்னு சொல்ற அடையாளம், லாரி கையில இருக்கற பர்மிட். 4 பைட்டு காகிதம். அதுல விலேன் எண்ணுக்கு 12 பிட்டு. 0-வும் 4095-ம் ஒதுக்கினது போக 4094 எண். ஒவ்வொரு சாவடியிலயும் ஒரு பட்டியல் தொங்கும், எந்தப் பர்மிட்டை விடலாம்னு. நேட்டிவ் விலேன்னா பர்மிட்டே இல்லாம வர்ற வண்டி: "நம்ம ஊரு வண்டிதான், போ"ன்னு விட்டுடறது.

2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடியெல்லாம் மூடறவரைக்கும் வாளையார்ல லாரி வரிசை நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்ப உங்க விலேன் 30 லாரிக்கு வாளையார்ல கதவு திறக்குது, வேலந்தாவளத்துல அந்தப் பர்மிட்டையே யாரும் பார்த்ததில்லை. லாரிக்காரன் எந்த ரோட்டுல போவான்னு முடிவு பண்றது இஎஸ்எக்ஸ்ஐ. அதனாலதான் பாதிக்குப் பாதி.

பே 2-ல போய் ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க் (டிரங்க்னா பல விலேன் ஒண்ணாப் போற இணைப்பு) அடிச்சு, வர்றதை அப்படியே போடுங்க. பே 1-லயும் அடிங்க.

கஞ்சிக்கோட்டுக்காரன் | செவ்வாய், மதியம் 12.10

போர்ட் சேனல் வரிகளை மட்டும் போடறேன் அக்கா.

பே 1:
அனுமதிச்ச விலேன்: 1-4094
அனுமதிச்சு, உயிரோட இருக்கறது: 1,10,20,30
ஸ்பானிங் ட்ரீயில ஃபார்வர்டு ஆகறது: 1,10,20,30

பே 2:
அனுமதிச்ச விலேன்: 1-4094
அனுமதிச்சு, உயிரோட இருக்கறது: 1,10,20
ஸ்பானிங் ட்ரீயில ஃபார்வர்டு ஆகறது: 1,10,20

1-4094-னு இருக்கே, அப்ப 30-ம் அதுக்குள்ளதானே வருது? அதனாலதான் இதை நான் முதல்லயே பார்த்தும் "சரியாத்தான் இருக்கு"ன்னு விட்டுட்டேன்.

வேலந்தாவளம் அக்கா | செவ்வாய், மதியம் 12.35

எல்லாரும் ஏமாந்து போற இடம் அதுதான். முதல் பட்டியலை மட்டும் பார்த்துட்டு மூடிடுவாங்க. மூணையும் வரிசையாப் படிக்கணும்.

முதல் பட்டியல்ல இல்லைன்னா டிரங்க்கோட அனுமதிப் பட்டியல்ல சேர்க்கலைன்னு அர்த்தம். முதல்ல இருந்து ரெண்டாவதுல இல்லைன்னா அந்த ஸ்விட்சுல அந்த விலேனை யாரும் உருவாக்கவே இல்லை. ரெண்டாவதுலயும் இருந்து மூணாவதுல இல்லைன்னா ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட் வளையமாச் சுத்தாம காக்கற முறை) தடுத்திருக்கு, இல்லாட்டி விடிபி (ஒரு ஸ்விட்சோட விலேன் பட்டியலை மத்ததுக்குப் பரப்பற முறை) கத்தரிச்சிருக்கு.

உங்களுது ரெண்டாவது வகை. பே 2-ல விலேன் 30 பிறக்கவே இல்லை. ஆனா பே 1-ல மட்டும் எப்படிப் பிறந்துச்சு? கையால போட்டீங்களா?

கஞ்சிக்கோட்டுக்காரன் | செவ்வாய், மதியம் 1.50

நான் பே 1-ஐத் தொடவே இல்லை அக்கா, கோர்ல மட்டும்தான் போட்டேன். ஷோ விடிபி ஸ்டேட்டஸ் பார்த்தேன். கோர் சர்வர் மோடு (பட்டியலைக் குடுக்கறது), பே 1 கிளையன்ட் (வாங்கிக்கறது), பே 2 டிரான்ஸ்பரன்ட் (வாங்கிக்காதது).

இப்பத்தான் ஞாபகம் வருது. போன துலாவர்ஷத்துல (ஐப்பசி மழையில) ஒரு இடி. பே 2 ஸ்விட்ச் செத்துப் போச்சு. செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி நான்தான் மாட்டினேன். 10, 20 ரெண்டையும் கையால அடிச்சேன், எல்லாம் ஓடுச்சு, அத்தோட மறந்துட்டேன். அது டிரான்ஸ்பரன்ட்ல இருக்கறதை அன்னிக்குக் கவனிக்கவே இல்லை.

குழித்துறை மக்கா | செவ்வாய், மதியம் 2.20

மக்கா, அது டிரான்ஸ்பரன்ட்ல வந்தது உன் குலதெய்வம் பண்ண புண்ணியம். செகண்ட்ஹேண்ட் ஸ்விட்ச் சர்வர் மோடுல, உங்க டொமைன் பேரே போட்டு, ரிவிஷன் எண்ணும் (பட்டியல் மாற மாற ஏறுற எண்) கூடுதலா வந்திருந்தா, மாட்டின நிமிஷமே அதுல இருக்கற விலேன் பட்டியலை உங்க கோர் அப்படியே வாங்கி, தன்னுதை அழிச்சிருக்கும்.

நான் சும்மா சொல்லலை. கழக்கூட்டத்துப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, லேப்ல கிடந்த ஒரு ஸ்விட்சை எடுத்துட்டுப் போய் ரேக்குல மாட்டினவன் நான்தான். லேப்புல விளையாடி விளையாடி ரிவிஷன் எண் எங்கேயோ போயிருந்தது. டொமைன் பேரு ரெண்டு இடத்துலயும் ஒண்ணு. டிரங்க் எழும்பிச்சு, மூணு மாடி படுத்துட்டு. கிளையன்ட் மோடா இருந்தாலும் இதைச் செய்யும், அது பலருக்குத் தெரியாது.

ஒரு தடவை டிரான்ஸ்பரன்டுக்கு மாத்தினா ரிவிஷன் பூஜ்யம் ஆயிடும். கேபிள் குத்துறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சிரணும். உங்க அளவுக்கு மூணு விலேன், மூணு ஸ்விட்ச். விடிபியே வேண்டாம். பே 1-ஐயும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கு, இருக்கற விலேன் போகாது.

செங்கோட்டை எக்ஸ்பிரஸ் | செவ்வாய், மாலை 6.30

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும், இதே மாதிரி சேசிஸ்தான். பிளேடோட போர்ட்டை டிரங்க் ஆக்கினதுல இருந்து பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியா) பூட் ஆக மாட்டேங்குது. ஐபி குடுக்கற டிஎச்சிபியைத் தேடித்தேடி டைம்-அவுட். ஒரே விலேன் மட்டும் போற ஆக்சஸ் போர்ட்டா இருந்தப்ப ஓடுச்சு.

வேலந்தாவளம் அக்கா | செவ்வாய், இரவு 8.05

ரெண்டு காரணம் இருக்கலாம், பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கும். பூட் ஆகற நேரத்துல என்ஐசிக்கு டேக் போடத் தெரியாது, பர்மிட் இல்லாத வண்டியாத்தான் வரும். அதனால டிஎச்சிபி இருக்கற விலேனை அந்த உள் போர்ட்டுல நேட்டிவ்வா வைக்கணும். அடுத்தது, ஸ்பானிங் ட்ரீ கேட்கறதுக்கு 15 நொடி, கத்துக்கறதுக்கு 15 நொடின்னு அரை நிமிஷம் போர்ட்டை மூடியே வெச்சிருக்கும். அதுக்குள்ள பிஎக்ஸ்இ அலுத்துப் போயிடும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கற சாதா போர்ட்ஃபாஸ்ட் கட்டளை டிரங்க் போர்ட்டுல எடுக்காது. ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட் டிரங்க்னு கடைசி வார்த்தையோட அடிக்கணும். உள் போர்ட்டுகள்ல மட்டும். கோர் பக்கம் போற போர்ட்டுல அடிச்சுடாதீங்க.

செங்கோட்டை எக்ஸ்பிரஸ் | செவ்வாய், இரவு 9.50

அந்தக் கடைசி வார்த்தைதான் இல்லை. நேட்டிவ்வும் 1-லயே இருந்துச்சு. ரெண்டையும் மாத்தினேன், பூட் ஆகுது. புனலூர் பக்கம் வந்தா சொல்லுங்க, பழம்பொரி என் செலவு.

கஞ்சிக்கோட்டுக்காரன் | புதன், மாலை 4.45

விலேன் 30 காலையில பே 2-ல போட்டேன், நாலு விஎம்மும் பேசுது. நன்றின்னு சொல்ல வந்திருக்கணும். ஆனா நடுவுல ஒரு கூத்து பண்ணிட்டேன்.

1-4094-னு எல்லாத்தையும் திறந்து வெக்கறது நல்லாயில்லையேன்னு அனுமதிப் பட்டியலைச் சுருக்கலாம்னு நினைச்சேன். பழைய குறிப்புல இருந்து 10,20-னு ஒட்டினேன். அப்புறம்தான் 30 விட்டுப் போச்சுன்னு தெரிஞ்சுது. உடனே அடிச்சேன்: ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவுடு விலேன் 30. என்டர்.

கர்சர் அப்படியே நின்னுச்சு. அடுத்த எழுத்து விழலை.

மணி 1.50. 2 மணி ஷிப்ட் மாறற நேரம். பஞ்சிங் மெஷினோட சர்வர் பே 2 வழியாப் போயிட்டிருந்திருக்கு. கேட்டுல உள்ள வர்றவங்க ஒரு வரிசை, வெளிய போறவங்க ஒரு வரிசை, நடுவுல செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தைத் தேடறார். எங்க மேனேஜர் சேட்டன் கதவைத் திறந்து ரெண்டே வார்த்தை: "எந்து பற்றி?" (என்ன ஆச்சு?) ஏற்கெனவே அவருக்கு விலேனுக்கும் வில்லனுக்கும் வித்தியாசம் கிடையாது.

குழித்துறை மக்கா | புதன், மாலை 5.02

ஆட் போடலையா? ஆட் போடாட்டா ஆட்டம் க்ளோஸ் மக்கா.

எல்லாரும் ஒரு தடவை விழுற குழிதான், வெட்கப்படாதே. அலவுடு விலேன் 30-னா "30 மட்டும்"னு அர்த்தம். அலவுடு விலேன் ஆட் 30-னாத்தான் "இருக்கறதோட 30-ம்". நீ 10-ஐயும் 20-ஐயும் வெட்டி எறிஞ்சிட்டே, ஸ்விட்சோட ஐபியும் 20-லதானே இருக்கும்? ஏறி உக்காந்த கிளையையே வெட்டிட்டே. எப்படி இறங்கினே?

கஞ்சிக்கோட்டுக்காரன் | புதன், மாலை 5.20

சேசிஸை நிர்வகிக்கற ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டருக்கு (ஓஏ) தனிக் கேபிள் இருக்குதுங்கண்ணா, நேரா கோருக்கு. அதுல எஸ்எஸ்எச் போய் கனெக்ட் இன்டர்கனெக்ட் 2-னு அடிச்சா அந்த ஸ்விட்சோட கன்சோலே வந்துடுது. 10,20,30-னு முழுசா அடிச்சேன். மொத்தம் 11 நிமிஷம். அதுல 8 நிமிஷம் ஓஏ பாஸ்வேர்டு தேடினது. ஓஏ மாட்யூல்ல இருக்கற சின்ன அட்டையில எழுதியிருக்கும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

குழித்துறை மக்கா | புதன், மாலை 5.41

இனிமே தூரத்துல இருந்து டிரங்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பழக்கம் வெச்சுக்கோ. முதல்ல ரைட் மெமரி (இப்ப இருக்கறதைச் சேமி). அப்புறம் ரீலோடு இன் 10 (பத்து நிமிஷத்துல ரீஸ்டார்ட் ஆகு). பிறகுதான் மாத்தணும். தொடர்பு அறுந்துச்சா, கைகட்டி உக்காரு, பத்து நிமிஷத்துல அதுவே பழைய கான்ஃபிகோட எழும்பும். எல்லாம் சரியா வந்தா ரீலோடு கேன்சல், அதுக்குப் பிறகு ரைட். வரிசை மாறி, மாத்தினதைச் சரிபார்க்காம ரைட் பண்ணினேன்னு வை, உடைஞ்சதைத்தான் பத்திரமா சேமிச்சிருப்பே.

வேலந்தாவளம் அக்கா | புதன், இரவு 9.10

தம்பி, உங்க கதையில எனக்கு உறுத்தறது வேற. பே 2 வழி அடைஞ்சப்ப பே 1 வழி முழுசா நல்லாத்தானே இருந்துச்சு? ரெண்டு ரோடு போட்டு வெச்சிருந்தும் பஞ்சிங் சர்வர் ஏன் அடுத்த ரோட்டுக்குத் திரும்பலை?

ரேக் சர்வர்ல நமக்கு ஒரு பழக்கம். கேபிளைப் பிடுங்கினா லைட்டு அணையும், என்ஐசி டவுன்னு காட்டும், டீமிங் அடுத்ததுக்குத் தாவும். பிளேடுல பிடுங்க கேபிளே கிடையாது. பிளேடையும் ஸ்விட்சையும் சேர்க்கறது சேசிஸ் நடுவுல நிக்கற மிட்பிளேன் பலகை. அந்த இணைப்பு பிளேடும் ஸ்விட்சும் உயிரோட இருக்கறவரைக்கும் அப்-லயேதான் இருக்கும். பே 2-ல இருந்து கோருக்குப் போற ரெண்டு கேபிளையும் எலி கடிச்சுட்டாக்கூட பிளேடுக்குத் தெரியாது. பட்டுப்பட்டுன்னு பாக்கெட்டை அனுப்பிட்டே இருக்கும், எல்லாம் பே 2-க்குள்ள போய்ச் சாகும். வேலந்தாவளம் பாலம் உடைஞ்சது தெரியாம பொள்ளாச்சியில இருந்து லாரி வந்துட்டே இருந்தா எப்படி, அதே கதைதான்.

இதுக்குத்தான் லிங்க் ஸ்டேட் டிராக்கிங். அப்லிங்க் (கோருக்குப் போற இணைப்பு) செத்தா உள் போர்ட்டுகளையும் ஸ்விட்சே வேணும்னு சாகடிச்சுடும். அப்பத்தான் பிளேடு திரும்பிப் பார்க்கும்.

லிங்க் ஸ்டேட் டிராக் 1
இன்டர்ஃபேஸ் போர்ட்-சேனல் 1
லிங்க் ஸ்டேட் குரூப் 1 அப்ஸ்ட்ரீம்
இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட் 0/1 - 16
லிங்க் ஸ்டேட் குரூப் 1 டவுன்ஸ்ட்ரீம்

ரெண்டு பேயிலயும் போடணும். ஒண்ணுல போட்டு ஒண்ணுல விட்டா உங்க விலேன் 30 கதைதான் மறுபடியும். வெர்ச்சுவல் கனெக்ட் வெச்சிருக்கறவங்க இதையே ஸ்மார்ட்லிங்க்னு தேடுங்க.

போட்டதும் நம்பிடாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, பேக்டரி ஓடாத நேரத்துல, பே 2-ஓட ரெண்டு அப்லிங்க்கையும் கையால உருவுங்க. எல்லா ஹோஸ்டுலயும் விஎம்நிக்1 டவுன்னு வரணும்.

கஞ்சிக்கோட்டுக்காரன் | புதன், இரவு 9.32

அப்ப இது முன்னாடியே இருந்திருந்தா இன்னிக்கு நான் தப்பிச்சிருப்பேனா அக்கா?

வேலந்தாவளம் அக்கா | புதன், இரவு 9.40

இல்லை. இன்னிக்கு உங்க அப்லிங்க் சாகலையே. லைட்டு பச்சையாத்தான் எரிஞ்சுது, பட்டியல்தான் காலி. லிங்க் ஸ்டேட் பார்க்கறது ரோடு இருக்கா இல்லையான்னு மட்டும்தான், சாவடியில என்ன நடக்குதுன்னு இல்லை. பீக்கன் புரோபிங்னு ஒண்ணு இருக்கு, என்ஐசிகள் ஒண்ணுக்கொண்ணு சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பார்க்கறது. அதுக்கு மூணு என்ஐசியாவது வேணும், ரெண்டே இருந்தா எது கெட்டதுன்னு அதால முடிவு பண்ண முடியாது. டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் லைசென்ஸ் இருந்தா அதுல ஹெல்த் செக்குன்னு ஒண்ணு, எந்த அப்லிங்க்ல எந்த விலேன் இல்லைன்னு அதுவே சொல்லும். உங்க கிட்ட இருக்கற சாதா விஸ்விட்சுல (இஎஸ்எக்ஸ்ஐக்குள்ள இருக்கற மெய்நிகர் ஸ்விட்ச்) அது கிடையாது.

பைனரி பைரவன் | புதன், இரவு 10.15

ஒரு சந்தேகம். ரெண்டு என்ஐசியையும் சேர்த்து ஒரே எல்ஏசிபி (பல இணைப்பை ஒண்ணாக் கட்டற முறை) ஆக்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

குழித்துறை மக்கா | புதன், இரவு 10.31

ஒரு கால் ஒரு வள்ளத்துல, இன்னொரு கால் இன்னொரு வள்ளத்துல. பே 1-ம் பே 2-ம் தனித்தனி ஸ்விட்ச், ரெண்டுக்கும் பொதுவா ஒரு சேனல் கட்ட முடியாது. போதாக்குறைக்கு சாதா விஸ்விட்சுக்கு எல்ஏசிபி தெரியவே தெரியாது. இருக்கற போர்ட் எண் முறையே போதும்.

அப்புறம் நேத்து ஒருத்தர் எனக்குத் தனியா அனுப்பியிருந்தார், "விலேன் 4095 போட்டா எல்லாம் ஓடுமாமே"ன்னு. எந்த ஊருல போடுறேங்கறதைப் பொறுத்து. இஎஸ்எக்ஸ்ஐ போர்ட் குரூப்ல 4095-னா எல்லா டேக்கையும் பிரிக்காம விஎம்முக்கே குடுன்னு அர்த்தம். ஐபிஎம் பிளேடுசென்டர்ல வர்ற பிஎன்டி ஸ்விட்சுல 4095-னா மேனேஜ்மென்ட் மாட்யூல் பேசுற விலேன். பட்டின்னு சொன்னா தமிழ்ல ஊரு, மலையாளத்துல நாய், அந்த மாதிரிதான். பார்த்துப் போடுங்க.

கஞ்சிக்கோட்டுக்காரன் | ஞாயிறு, காலை 11.18

பேக்டரி லீவு, இன்னிக்கு உக்காந்துட்டேன். மக்கா அண்ணன் சொன்ன மாதிரியே ரைட் மெமரி, ரீலோடு இன் 10 போட்டுத்தான் ஆரம்பிச்சேன். முதல்ல பே 1, அப்புறம் பே 2. பே 1-ல முடிச்சு கேன்சல், ரைட் எல்லாம் ஆச்சு. பே 2-ல லிங்க் ஸ்டேட் போட்டு, பின்னாடி போய் ரெண்டு கேபிளையும் உருவினேன். பத்து ஹோஸ்டுலயும் விஎம்நிக்1 டவுன். பஞ்சிங் சர்வருக்குப் போற பிங்ல ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு! கேபிளைத் திரும்பக் குத்தினேன், எல்லாம் பச்சை. சேசிஸ் பின்னாடி ரெண்டு ஸ்விட்ச் மேலயும் "வாளையார்", "வேலந்தாவளம்"னு ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ எடுத்திருக்கேன், சாயங்காலம் போடறேன்.

வேலந்தாவளம் அக்கா | ஞாயிறு, காலை 11.20

சந்தோஷம் தம்பி. பே 2-ல ரீலோடு கேன்சல் போட்டீங்களா?

கஞ்சிக்கோட்டுக்காரன் | ஞாயிறு, காலை 11.23

ஐயோ. ஸ்டிக்கர் ஒட்டப் போயிட்டேன்.

போட்டுட்டேன். ஷோ ரீலோடுல 1 நிமிஷம் 40 நொடி மிச்சம்னு காட்டுச்சு. "ஷட்டவுன் அபார்ட்டட்"னு வந்துச்சு. ரைட்டும் பண்ணிட்டேன்.